மூட்டு நோயும் கண் பரிசோதனையும்: நாங்குநேரி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல், வெளியிலிருந்து வந்த கிருமி எது, சொந்தத் திசு எது என்று பிரித்தறியும் திறனை இழந்து உடலையே தாக்கத் தொடங்கும்போது உண்டாகும் நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்று மருத்துவ நூல்கள் வகைப்படுத்துகின்றன. ஊர்ப்புறத்தில் சரவாங்கி என்று சொல்லப்படும் முடக்குவாதம், இளைஞர்களின் இடுப்பையும் முதுகெலும்பையும் இறுக்கிவிடும் தண்டுவட மூட்டழற்சி, தோல், மூட்டு, சிறுநீரகம் ஆகிய பலவற்றையும் ஒருசேரத் தொடும் லூபஸ், கண்ணீரையும் உமிழ்நீரையும் வற்றச் செய்யும் ஷோக்ரன் நோய் ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இவை ஆண்டுக்கணக்கில், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், மருந்தோடு நடத்திச் செல்ல வேண்டியவை. இந்நோயாளிகள் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. எந்தப் பரிசோதனை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, யார் அனுப்பிவைத்து, எதைத் தேடி என்பவற்றில்தான் தெளிவு குறைவாக இருக்கிறது.

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் கண் பரிசோதனை என்றால் எழுத்துப் பலகையைப் படிக்கவைத்துக் கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது, அல்லது புரை முற்றிவிட்டதா என்று பார்ப்பது என்ற இரண்டில் ஒன்றாகவே கொள்ளப்படுகிறது. தன்னெதிர்ப்பு நோயாளியைப் பொறுத்தவரை தேடப்பட வேண்டியவை வேறு. மூட்டில் இருக்கும் நோய் கண்ணுக்குள்ளும் வந்துவிட்டதா என்பது ஒரு கேள்வி. கண்ணில் தெரியும் அழற்சி அந்த நோயின் வேலைதானா, அதன் சாயலில் வந்த தொற்றா என்பது இன்னொரு கேள்வி. நோய்க்காக விழுங்கும் மாத்திரையே கண்ணைக் கெடுத்துவருகிறதா என்பது மூன்றாவது. இவற்றுக்கான கருவிகளும் கால இடைவெளிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒன்றுக்கு விடை கிடைத்ததும் மற்றவற்றுக்கும் கிடைத்துவிட்டதாக நோயாளி மட்டுமன்றிச் சில நேரம் மருத்துவரும் எண்ணிவிடுவதே பல பார்வை இழப்புகளுக்குத் தொடக்கமாகிறது.

நாங்குநேரி இக்கேள்விகளை வைத்துப் பார்க்கத் தகுந்த ஊர். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையில் உள்ள இந்த வட்டத் தலைநகர் வானமாமலைப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்றது. தோத்தாத்திரிநாதருக்குச் சாத்தப்படும் எண்ணெய் சேரும் கிணற்றிலிருந்து பெற்றுச் செல்லும் தைலம் தீராத தோல் நோய்களைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் வந்துபோகிறார்கள். நாட்பட்ட நோயோடு வாழ்வது இவ்வூர் அறியாத செய்தி அன்று. அரசு மருத்துவமனை ஊரிலேயே உண்டு. அதற்கு மேற்பட்ட கண் பரிசோதனைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடக்கே திருநெல்வேலிக்குப் போக வேண்டும். 1965இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஹைகிரவுண்டு மருத்துவமனையும், 1988 முதல் இயங்கிவரும் அரவிந்த் கண் மருத்துவமனையும் அங்கே உள்ளன. தொலைவு பெரிதன்று. ஆயினும், நான்குவழிச் சாலையில் விரையும் பேருந்துகளில் பல ஊருக்குள் வராமலே போய்விடுகின்றன. காலையில் விரல் மடங்காமல் விறைத்திருக்கும் ஒருவர் ஊர்ப் பேருந்துக்குக் காத்திருந்து, புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, மீண்டும் ஒரு டவுன் பஸ் ஏறி மருத்துவமனை வரிசையில் நிற்பதற்குள் அரைநாள் கூலியும் அரைநாள் தெம்பும் போய்விடுகின்றன. ஆகவே எந்தப் பரிசோதனைக்காக அந்தப் பயணம் என்பது முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டியது இங்கே கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

இவ்வட்டாரத்தில் கண் மருத்துவம் வளர்ந்த விதமும் இதனோடு தொடர்புடையது. அரவிந்த் மருத்துவமனையை 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்தின் எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக விரும்பிய அவர், ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதத்தால் தாக்குண்டு 1948இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நீண்ட காலம் படுக்கையில் கிடந்த பின், கோணிப்போன விரல்களோடு கண் மருத்துவம் பயின்று, தம் கைக்கு ஏற்றவாறு கருவிகளை அமைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தவர் என்று அறியப்படுகிறார். தென்மாவட்டங்களின் கண் மருத்துவமே ஒரு தன்னெதிர்ப்பு நோயாளியின் கையால் உருப்பெற்றது என்று சொல்வது மிகையாகாது. ஆனால் அவர் எதிர்கொண்ட பெரும் பகை கண்புரை. முகாமில் கண்டுபிடித்து, வண்டியில் அழைத்துவந்து, அறுவை செய்து, லென்ஸ் பொருத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பார்வை திரும்பிவிடும் நோய் அது. அதற்கென்று கச்சிதமாக அமைந்த முறையே கண் மருத்துவம் என்றால் இப்படித்தான் என்ற எதிர்பார்ப்பையும் மக்களிடம் வளர்த்தது. ஒருமுறை பார்த்து முடித்துவிட இயலாத, நன்றாகத் தெரியும்போதே திரும்பத் திரும்ப வந்து காட்ட வேண்டிய முடக்குவாதக்காரரின் கண் அந்த எதிர்பார்ப்புக்குள் அடங்குவதில்லை.

நோய் கண்ணுக்கு வரும் வழிகளில் மிகப் பரவலானது உலர்கண். ஷோக்ரன் நோயிலும் முடக்குவாதத்திலும் கண்ணீர்ச் சுரப்பிகள் அழற்சியால் சிதைவதால் கண்ணின் மேற்பரப்பு காய்கிறது. நோயாளி கண் காய்கிறது என்று வந்து சொல்வதில்லை. மண் விழுந்தாற்போல் உறுத்துகிறது என்றோ, உறுத்தலின் எதிர்வினையாகச் சுரக்கும் நீரைக் கண்டு, கண்ணில் நீர் வடிகிறது என்றோ சொல்கிறார். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குக் காற்று, காற்றாலைகள் நிறைந்த பணகுடி, வள்ளியூர், நாங்குநேரிப் பகுதிகளில் புழுதியோடு சுழல்வதால், அம்மாதங்களில் இத்தொல்லையைத் தூசி அலர்ஜி என்று தள்ளிவிடுவது எளிது. இதைப் பிரித்தறிய உதவும் ஷிர்மர் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை: கீழிமையின் ஓரத்தில் ஒரு வடிதாள் கீற்றின் நுனியை மடித்துச் செருகி, 5 நிமிடம் கண்ணை மூடியிருக்கச் செய்து, தாள் எத்தனை மில்லிமீட்டர் நனைந்தது என்று அளக்கிறார்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையவில்லையென்றால் கண்ணீர் வற்றியிருப்பதாகக் கொள்ளப்படுகிறது. வட்ட மருத்துவமனையிலேயே செய்யத்தக்க இச்சோதனை அங்கெல்லாம் வழக்கமாகவில்லை என்றால் அதற்குச் செலவைக் காரணம் காட்ட இயலாது.

வெண்விழியின் சுவரே அழற்சியுறும் ஸ்கிளீரைட்டிஸ் இதைவிடக் கடுமையானது. இதில் உண்டாகும் குத்தல் வலி நெற்றிக்கும் தாடைக்கும் பரவி, பின்னிரவில் நோயாளியை எழுப்பிவிடும். மெட்ராஸ் ஐ என்று சொல்லப்படும் சாதாரணக் கண்சிவப்பில் இத்தகைய வலி இருப்பதில்லை. இரண்டையும் பிரிக்கத் தேர்ந்த மருத்துவர்கள் கையாளும் வழிகள் இரண்டு. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஃபினைல்எஃப்ரின் சொட்டு மருந்தை விட்டால் மேலோட்டமான சிவப்பு வெளுத்துவிடும், ஆழத்திலுள்ள சிவப்பு அப்படியே நிற்கும் என்பது ஒன்று. கருவியின் வெளிச்சத்தை விட்டுவிட்டு, நோயாளியை ஜன்னலோரம் அழைத்துப் பகல் வெளிச்சத்தில் இமையைத் தூக்கிப் பார்த்தால், ஸ்கிளீரைட்டிஸ் ஏற்பட்ட இடம் நீலம் கலந்த ஊதா நிறத்தில் தெரியும் என்பது மற்றொன்று. முடக்குவாத நோயாளிக்கு வெண்விழி அரிக்கத் தொடங்கினாலோ கருவிழியின் விளிம்பு கரையத் தொடங்கினாலோ, உடலெங்கும் இரத்தக் குழாய்கள் அழற்சியுற்றிருக்கின்றன என்ற எச்சரிக்கையாக அதைக் கொள்ள வேண்டும். அந்நிலையில் கண்ணுக்கு மட்டும் மருந்து விடுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கண்ணின் நடுப்படலமான யுவியாவில் தோன்றும் அழற்சியான யுவைட்டிஸ், தண்டுவட மூட்டழற்சி உள்ள இளைஞர்களுக்குத் திடீரென்று, பெரும்பாலும் ஒரு கண்ணில், வெளிச்சம் பார்க்க முடியாத வலியோடு வருகிறது. இங்கே பரிசோதனை எதிர்த்திசையிலும் பயன்படுகிறது: கண்ணைப் பார்க்கும் மருத்துவர், காலையில் எழும்போது இடுப்பு விறைத்து, நடமாடிய பின் தளர்கிறதா என்று கேட்டால், பல ஆண்டுகளாகச் சுளுக்கு, பாரம் தூக்கியது என்று தைலம் தேய்த்துக் கடத்திய நோய் வெளிப்பட்டுவிடுகிறது. முதுகு வளைந்து இறுகிப்போனவர்கள் ஸ்லிட் லேம்ப் கருவியின் மோவாய்த் தாங்கியில் முகத்தைப் பொருத்தவே இயலாமல் திணறுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு வரும் மூட்டழற்சியில் நிலைமை இதற்கு நேர்மாறானது. கண் சிவப்பதில்லை, வலிப்பதில்லை, குழந்தை குறை சொல்வதுமில்லை. உள்ளே அழற்சி முற்றி, பாவை லென்ஸோடு ஒட்டி, புரை விழுந்த பிறகே வெளியில் தெரிகிறது. அதனால்தான் சில மூட்டுகளில் மட்டும் வீக்கம் உள்ள, இரத்தத்தில் ஏ.என்.ஏ. என்னும் எதிர்ப்பொருள் காணப்படும் சிறு குழந்தைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லேம்பில் பார்க்க வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டுதல்கள் வற்புறுத்துகின்றன. பள்ளியில் நடத்தப்படும் பார்வைச் சோதனையில் தேறிவிட்டது என்பதை இக்குழந்தைகளின் பெற்றோர் ஆறுதலாகக் கொள்ளக் கூடாது. தைராய்டு நோயில் விழி பிதுங்குவது, நரம்பு உறைகளைத் தாக்கும் நோய்களில் நிறங்கள் மங்கித் தெரிவது போன்றவை தனி ஆய்வுக்கு உரியவை.

தமிழ்நாட்டு நிலைமை மேல்நாட்டுப் பாடநூல்களிலிருந்து மிகவும் விலகி நிற்பது இரண்டாம் கேள்வியில்தான். அங்கே யுவைட்டிஸ் என்றதும் தன்னெதிர்ப்பு நோயைத் தேடுவது இயல்பு. இங்கே தொற்றை முதலில் விலக்கியாக வேண்டும். 1993ஆம் ஆண்டின் பெருமழை வெள்ளத்துக்குப் பின் மதுரை வட்டாரத்தில் யுவைட்டிஸ் நோயாளிகள் திரளாக வந்தபோது, டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம் உள்ளிட்ட அரவிந்த் ஆய்வாளர்கள் அதற்கு எலிக் காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமியே காரணம் என்று நிறுவினர். எலியின் சிறுநீர் கலந்த நீரில் காலூன்றி வேலை செய்தவருக்குக் காய்ச்சல் வந்துபோய், வாரங்களோ மாதங்களோ கழிந்து கண்ணில் அழற்சி தோன்றுவதால், இரண்டையும் இணைத்துப் பார்க்க அவருக்கே தோன்றுவதில்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்ததைக் கண்ட மாவட்டத்தில், வயலிலும் குளத்திலும் புழங்குபவரிடம் கடந்த ஆண்டு காய்ச்சல் வந்ததா என்று கேட்காத கண் பரிசோதனை அரைகுறையானதே. காசநோயும் இதே வேடத்தில் வருவது. அதற்காகவே யுவைட்டிஸ் நோயாளிக்கு மார்பு எக்ஸ்ரேயும், கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மாண்டூ சோதனையும் எழுதப்படுகின்றன. தன்னெதிர்ப்பு நோய்க்குத் தரப்படும் அடாலிமுமாப் போன்ற உயிரியல் மருந்துகள் உறங்கிக்கிடக்கும் காசநோயைத் தட்டி எழுப்பக்கூடியவை என்பதால் அச்சோதனைகளுக்கு இரட்டைப் பயன் உண்டு.

கருவிழிப் புண்ணிலும் இதே சிக்கல் நிலவுகிறது. திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட மூன்றாண்டு ஆய்வு, இவ்வட்டார மக்களின் கருவிழிப் புண்களில் பூஞ்சைத் தொற்றின் பங்கு எவ்வளவு பெரிது என்பதைப் பதிவுசெய்தது. கதிர் அறுக்கும்போதோ களத்தில் தூற்றும்போதோ நெல் முனையும் சருகும் கண்ணில் கீறுவதே அதற்கு வழி திறக்கிறது. முடக்குவாதத்தால் கரையும் கருவிழிக்கு அழற்சியைத் தணிக்கும் வலுவான மருந்து வேண்டும். பூஞ்சை பிடித்த கருவிழியிலோ ஸ்டீராய்டு சொட்டு மருந்து எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதாகிவிடும். புண்ணைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் சில நிமிடச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. அந்தச் சில நிமிடத்துக்கு முன்பே, மருந்துக் கடையில் கண் சிவப்புக்கென்று சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து வாரக்கணக்கில் விடப்பட்டிருக்கும் என்பதுதான் நடைமுறை. அதே சொட்டு மருந்து சிலருக்குக் கண்ணின் அழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பை ஓசையின்றி அழிக்கும் கிளாக்கோமாவையும், நாட்பட விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை இளவயதிலேயே லென்ஸின் பின்புறத்தில் புரையையும் உண்டாக்குகின்றன.

மூன்றாம் கேள்வியின் மையம் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மாத்திரை. மலேரியா மருந்தாகப் பிறந்து, முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் அடிப்படை மருந்தாகி, 2020இல் கொரோனாத் தொற்றின்போது வீடுதோறும் பெயர் தெரிந்ததாகிய இம்மருந்து, விலை குறைந்தது, பெரும்பாலும் பாதுகாப்பானது, லூபஸ் நோயாளிகளின் ஆயுளை நீட்டிப்பது. இந்தியாவில் சர்க்கரை நோய்க்கும் இது துணை மருந்தாக எழுதப்படுவதால், மூட்டு மருத்துவரையே பார்த்திராதவர்களும் இதை உண்கிறார்கள். இதன் மூத்த உறவான குளோரோகுயின் விழித்திரையைக் கெடுக்கிறது என்பது 1959லேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. விழித்திரையின் மையத்தைச் சுற்றி வளையமாகத் தொடங்கும் இக்கேடு, படிக்கும் பார்வையைத் தொடாதவரை நோயாளிக்குத் தெரியாது. தெரிந்த பின் மருந்தை நிறுத்தினாலும் இழந்தது திரும்புவதில்லை. அளவுக்கு உட்பட்டு உண்பவர்களில் முதல் 5 ஆண்டுகளில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவும், 10 ஆண்டுவரை 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவும் இருக்கும் ஆபத்து, 20 ஆண்டுக்குப் பின் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எட்டுகிறது என்று 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

அளவு என்பது இங்கே உடல் எடையைப் பொறுத்தது. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் 2016இல் வகுத்த வரம்பு, நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம். 80 கிலோ எடையுள்ளவருக்கு 400 மில்லிகிராம் பொருந்தும். வயல் வேலைக்கோ பீடி சுற்றவோ போகும் 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 200 மில்லிகிராமே உச்சம்; அவருக்கும் 400 எழுதப்பட்டால் வரம்பைப்போல் இரு மடங்கு உள்ளே போகிறது. இம்மருந்தின் கணிசமான பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், கிரியாட்டினின் உயர்ந்தவருக்கு இந்த வரம்பும் மிகையே. எடை பார்க்கும் கருவியும் ஒரு பெருக்கல் கணக்கும் தரும் இப்பாதுகாப்பை, பல ஆயிரம் ரூபாய்ப் படங்களாலும் ஈடுசெய்ய முடியாது என்பது இந்த ஆய்வின் உறுதியான கருத்து.

பரிசோதனைக் கால அட்டவணையில் வல்லுநர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. மருந்து தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு அடிப்படைப் பரிசோதனை, ஆபத்துக் காரணிகள் இல்லாதவருக்கு 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதனை என்பது அமெரிக்க முறை. 2020இல் பிரிட்டனின் ராயல் கண் மருத்துவர் கல்லூரி அடிப்படைப் பரிசோதனையைக் கைவிட்டு, 5 ஆண்டுக்குப் பின்னரான ஆண்டுப் பரிசோதனையை மட்டும் வைத்துக்கொண்டது. ஒவ்வொரு குடிமகனின் மருத்துவ வரலாறும் ஒழுங்காகத் தொகுக்கப்படும் நாட்டுக்குப் பின்னது பொருந்தலாம். மருந்து தொடங்கிய நாளே எங்கும் எழுதப்படாமல், சீட்டு தொலைந்து, காலி அட்டையைக் காட்டி மாத்திரை வாங்கும் சூழலில் முதல் பரிசோதனை ஒரு தேதியையாவது பதிந்துவைக்கிறது. ஆகவே இங்கே அமெரிக்க முறையே ஏற்கத்தக்கது. கருவியிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் வெட்டிக் காட்டும் ஓ.சி.டி. படமும், அரைக்கோளத்துக்குள் மின்னும் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லும் பார்வைப் புல ஆய்வும் முதன்மையானவை. புல ஆய்வில் வழக்கமாகப் பார்க்கப்படும் மைய 10 பாகை, ஆசிய வம்சாவளியினருக்குப் போதாமல் போகலாம். அவர்களில் பலருக்குக் கேடு மையத்துக்குச் சற்று வெளியே தொடங்குவது கண்டறியப்பட்டதால் அகன்ற புலத்தையும் பார்க்குமாறு அமெரிக்கக் கழகமே அறிவுறுத்துகிறது. விரல் வீங்கியவர் பொத்தானை அழுத்தப் பிந்துவதாலேயே புலத்தில் பொய்க்குறை தெரியக்கூடும் என்பதைக் கருவியை இயக்குபவர் அறிந்திருந்தால் வீண் அச்சம் தவிரும்.

கண்ணில் அழற்சி உறுதியானால் நெடுநாள் மருந்து எது என்பதற்கும் தமிழ்நாட்டிலிருந்து விடை பிறந்திருக்கிறது. ரத்தினத்தை முதல் ஆசிரியராகக் கொண்டு, இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சவூதி அரேபியா, மெக்சிகோ ஆகிய நாடுகளின் 9 மையங்களில் 216 யுவைட்டிஸ் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு, விலை கூடிய மைக்கோஃபெனலேட்டைவிட, வாரம் ஒருமுறை விழுங்கும் மலிவான மெத்தோட்ரெக்சேட் எவ்விதத்திலும் தாழ்ந்ததில்லை என்று காட்டியது. முடக்குவாதத்துக்கு ஏற்கெனவே அதை உண்பவர்களுக்கு இது நற்செய்தி. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் கண்காணிக்கும் சோதனைகளை உள்ளூரிலேயே செய்துகொள்ளவும் இயலும்.

நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால், பரிசோதனை நாளுக்கு வேண்டிய ஆயத்தம் சிறிது. உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளைப் பையில் போட்டு எடுத்துச்செல்வதும், ஒவ்வொன்றும் எந்த ஆண்டு தொடங்கியது என்று நினைவுபடுத்திக் குறித்துக்கொள்வதும், கண் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் நான்கைந்து மணி நேரம் வெயில் கூசும், பேருந்துப் பலகையைப் படிக்க இயலாது என்பதால் துணைக்கு ஆள் கூட்டிச்செல்வதும் அதில் அடங்கும். மருத்துவர் எழுதும் சொட்டு மருந்துக் குப்பியை அழுத்தப் பல முடக்குவாத நோயாளிகளின் விரல்களால் இயலாது. வீட்டில் யார் விட்டுவிடுவார் என்ற கேள்வியை மருந்துச் சீட்டு எழுதும்போதே கேட்க வேண்டும். புரை அறுவைக்கு முகாமில் பெயர் கொடுக்கும்போது மூட்டு நோய் இருப்பதைச் சொல்வது எல்லாவற்றிலும் முக்கியம்: யுவைட்டிஸ் வந்த கண் குறைந்தது மூன்று மாதம் அழற்சியின்றி அடங்கிய பிறகே அறுவைக்கு உகந்தது, உலர்ந்த கண்ணோடு அறுவை செய்துகொண்ட முடக்குவாதக்காரருக்குக் கருவிழி கரைந்துபோகும் ஆபத்தும் உண்டு.

இவற்றை யார் செய்வது என்பதற்கு இப்போதைய அமைப்பில் தெளிவான விடை இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. மூட்டு நோய் மருந்து உண்பவர் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. எனினும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள இயலாததற்குக் காரணம் ஏதுமில்லை. எடை பார்த்து மாத்திரை அளவைச் சரிபார்ப்பதையும், வடிதாள் சோதனையையும், கண் அழுத்தம் பார்ப்பதையும், காய்ச்சல், இருமல், வயல் வேலை பற்றிய விசாரிப்பையும் வட்ட மருத்துவமனையும் அதன் கண் மருத்துவ உதவியாளரும் ஏற்கலாம், ஓ.சி.டி.க்கும் புல ஆய்வுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை திருநெல்வேலிக்குப் போனால் போதும். மூட்டழற்சி உள்ள குழந்தைக்கு மட்டும் இந்தப் பங்கீடு பொருந்தாது. அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேர்ந்த கண்ணால் ஸ்லிட் லேம்ப் பரிசோதனை தேவைப்படுவதால், ஒன்று குழந்தை ஆண்டுக்கு நான்கு முறை பள்ளியை விட்டுப் பேருந்து ஏற வேண்டும், அல்லது மருத்துவர் அத்தனை முறை நாங்குநேரிக்கு வர வேண்டும்.